கிராணி மாறும் நாள்

சனிக்கிழமை காலை மணி 8.20. "தங்கச்சி, சம்பளக் கோப்பு திறக்க மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாரு" என்று கணக்குப் பிரிவு அக்கா கூப்பிட்டார். அன்று தேதி 6. மழையால் தாமதமான மூன்று தோட்டங்களின் வேலைக் கணக்கு முந்தின நாள் மாலைதான் வந்திருந்தது. அதைச் சேர்த்து, பகல் 12 மணிக்குள் சம்பளப் பட்டியலை வங்கிக்கு அனுப்ப வேண்டும். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஒரு மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் நாளுக்குள் கொடுக்கப்பட வேண்டும். செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள், உதிரிப்பழம் பொறுக்குகிறவர்கள், லோரி ஓட்டுகிறவர்கள் எல்லாருடைய பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தன. என் மாமாவின் பெயரும் இருந்தது.

கோப்பு ஏன் திறக்கவில்லை என்று அக்காவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தப்பு என்னுடையது.

நான் செர்காமில் வளர்ந்தவள். பல்கலைக்கழகத்தில் கணினித் துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சென்ற பருவ விடுமுறையில், எங்கள் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்வரும் தூரத்தில் இருக்கும் ஓர் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். தோட்டங்களுக்குக் குத்தகை ஆள் அனுப்பும் நிறுவனம் அது. அங்கே பத்து ஆண்டுக்கு மேல் ஓடிய பழைய செர்வரை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும் வேலை நடந்தது. வெளியிலிருந்து வந்த தொழில்நுட்பர் அண்ணனுக்கு நான் உதவியாள். மாற்றிய பொருளின் பெயர் 'டொமேன் கண்ட்ரோலர்'.

அது என்ன வேலை செய்கிறது?

இதை எனக்குப் புரிய வைத்தது பாடப்புத்தகம் அல்ல, என் பாட்டி. தோட்டத்தில் விடியற்காலை இருட்டில் பெரட்டுக்கு நின்ற கதையை அவர் அடிக்கடி சொல்வார். கிராணி செக்ரோலைத் திறந்து ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுவார். யார் வந்திருக்கிறார், யார் எந்த நிரைக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அந்தப் புத்தகத்தில் இருக்கும். புத்தகத்தில் பேர் விழவில்லை என்றால் வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை.

அலுவலக வலையமைப்பில் டொமேன் கண்ட்ரோலர்தான் கிராணி. நீங்கள் காலையில் பெயரும் கடவுச்சொல்லும் தட்டியதும், அவை சரியா என்று அதுதான் பார்க்கிறது. பிறகு ஒரு மின்னியல் சீட்டுக் கொடுக்கிறது. அந்தச் சீட்டைக் காட்டித்தான் கோப்புப் பெட்டிக்கும் அச்சுப்பொறிக்கும் போகிறீர்கள். இந்தச் சீட்டு முறையின் பெயர் கெர்பரோஸ். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1980-களில் உருவானது. கிரேக்கப் புராணத்தில் பாதாள வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயரை அதற்கு வைத்தார்கள். சீட்டில் நேரம் குறித்திருக்கும். உங்கள் கணினியின் கடிகாரத்துக்கும் கண்ட்ரோலரின் கடிகாரத்துக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், வழக்கமான அமைப்பில் சீட்டு செல்லாது. பெரட்டுக்குப் பிந்தி வந்தவரைத் திருப்பி அனுப்புவது போலத்தான்.

கண்ட்ரோலரிடம் இருக்கும் செக்ரோலின் பெயர் 'ஆக்டிவ் டைரக்டரி'. மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 2000 செர்வருடன் இதை வெளியிட்டது. அதற்கு முந்திய விண்டோஸ் என்.டி. காலத்தில் தலைமைக் கண்ட்ரோலர் ஒன்றுதான்; புத்தகத்தில் எழுதும் உரிமை அதற்கு மட்டுமே. மற்றவை படி எடுத்து வைத்துக்கொள்ளும். ஆக்டிவ் டைரக்டரி வந்தபின், எந்தக் கண்ட்ரோலரிலும் எழுதலாம். எழுதியதை அவை ஒன்றோடொன்று பரிமாறிக்கொள்ளும்.

ஏன் மாற்ற வேண்டும்?

எங்கள் அலுவலகத்துச் செர்வரில் ஓடியது விண்டோஸ் செர்வர் 2012 ஆர்2. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2023 அக்டோபர் 10-ஆம் நாளுடன் நிறுத்திவிட்டது. அதன்பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு வழக்கமான முறையில் ஒட்டு கிடைக்காது. அலுவலகத்தின் எல்லாச் சாவியும் இருக்கும் பெட்டியில் ஓட்டை இருக்கக் கூடாது. அதைவிடப் பெரிய கவலை, அந்த அலுவலகத்தில் கண்ட்ரோலர் ஒன்றே ஒன்றுதான். பிற்பகல் இடிமழையில் மின்சாரம் தடைபடும்போதெல்லாம் மேலாளர் முதலில் போய்ப் பார்ப்பது அந்தப் பெட்டியைத்தான்.

கிராணி ஓய்வு பெறுகிறார் என்றால் அன்று மாலையே அவரை அனுப்பிவிட்டு, மறுநாள் காலை புதியவரை உட்கார வைக்க முடியாது. புதியவர் சில நாள் பழையவர் பக்கத்தில் உட்கார்ந்து செக்ரோலைப் படி எடுக்க வேண்டும். இங்கேயும் அதே முறைதான்.

முதலில் புதிய செர்வரை வலையமைப்பில் சேர்த்து, அதையும் ஒரு கண்ட்ரோலராக உயர்த்துகிறோம். பழையதிலிருந்து பெயர்களும் விதிகளும் புதியதற்குப் போகின்றன. முழுதும் போய்ச் சேர்ந்ததா என்று சோதனைக் கட்டளைகளை ஓட்டிப் பார்க்கிறோம். அண்ணன் இந்தச் சோதனையை ஒரே நாளில் மூன்று முறை செய்தார். "சேர்ந்துடுச்சுன்னு நினைக்கிறது வேற, பார்க்கிறது வேற" என்றார். அது என் காதில் விழுந்தது; மனத்தில் பதியவில்லை.

அடுத்து, ஐந்து தனிப் பொறுப்புகளை மாற்ற வேண்டும். கண்ட்ரோலர்கள் எல்லாம் சமம் என்றாலும், இந்த ஐந்தை ஒரு நேரத்தில் ஒருவர்தான் வைத்திருக்க முடியும். புத்தகத்தின் கட்டமைப்பை மாற்றுவது ஒன்று. புதியவர்களுக்கு அடையாள எண் தருவதற்கான எண்தொகுதிகளைப் பிரித்துக் கொடுப்பது இன்னொன்று. கடிகாரத்துக்கு முதல்வராக இருப்பதும், கடவுச்சொல் மாற்றங்களை உடனுக்குடன் அறிந்துகொள்வதும் மற்றொன்றின் வேலை. பழைய செர்வர் உயிரோடு இருக்கும்போதே இவற்றை முறைப்படி கைமாற்றிக்கொள்ளலாம். அது செத்துப்போனால் பறித்துக்கொள்ளத்தான் முடியும். பறித்துக்கொண்டபின் பழையதை மறுபடி அப்படியே வலையமைப்பில் சேர்க்கக் கூடாது. ஒரே பொறுப்புக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடும் நிலை வந்துவிடும்.

நான் சறுக்கிய இடம்

இதுவரை எல்லாம் அண்ணன் செய்தார். எனக்குக் கொடுத்த வேலை சுலபமானது. கணினிகள் கண்ட்ரோலரைத் தேடிக் கண்டுபிடிப்பது டி.என்.எஸ். என்ற பெயர்ப் பட்டியலின் உதவியால். எங்கள் அலுவலகத்தில் அந்தப் பட்டியலும் பழைய செர்வரிலேயே இருந்தது. பெரும்பாலான கணினிகள் அதன் முகவரியைத் தானாகப் பெற்றுக்கொள்ளும். சிலவற்றில் மட்டும் யாரோ ஒருவர் எப்போதோ கையால் எழுதி வைத்திருப்பார்கள். அப்படி எழுதியவற்றைத் தேடிப் புதிய முகவரிக்கு மாற்ற வேண்டும். 24 கணினிகளின் பட்டியலை என் கையில் கொடுத்தார்கள்.

23 கணினிகளை நேரில் போய்ப் பார்த்தேன். கடைசிக் கணினியில் அக்கா சம்பளக் கணக்குச் செய்துகொண்டிருந்தார். தொந்தரவு செய்ய மனம் வரவில்லை. மற்றவை சரியாக இருக்கும்போது இது மட்டும் எப்படி வேறாக இருக்கும் என்று எண்ணி, 24-ஆவது கட்டத்திலும் சரி என்று குறியிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை அண்ணன் பழைய செர்வரை நிறுத்தினார். அதை நீக்கவில்லை, வெறுமனே நிறுத்தினார். நீக்குவதற்குமுன் சில நாள் நிறுத்தி வைத்தால், இன்னும் அதை நம்பியிருப்பது எது என்று தெரிந்துவிடும்.

சனிக்கிழமை தெரிந்தது. அக்காவின் கணினியில் பழைய முகவரி கையால் எழுதப்பட்டிருந்தது. வேடிக்கை என்னவென்றால், காலையில் அவர் வழக்கம்போல் உள்ளே நுழைந்திருந்தார். கண்ட்ரோலர் கிடைக்காவிட்டாலும், முன்பு நுழைந்தவர்களின் அடையாளத்தை விண்டோஸ் நினைவில் வைத்து அனுமதிக்கும். அதனால் வாசலில் பிரச்சினை தெரியவில்லை. கோப்புப் பெட்டியின் பெயரைத் தேடியபோதுதான், பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை.

அண்ணனுக்குப் போன் செய்தேன். குறியிட்ட கதையையும் மறைக்காமல் சொன்னேன். சில நொடி ஒன்றும் பேசவில்லை. "முதல்ல பழைய செர்வரை ஆன் பண்ணு. அக்கா வேலை முடியட்டும். முகவரியை அப்புறமா மாத்தலாம்" என்றார். பழையதை நீக்காமல் வைத்திருந்ததால் சில நிமிடங்களில் கோப்பு திறந்தது. பட்டியல் 11.40-க்கு வங்கிக்குப் போனது. அதன்பின் அக்காவின் கணினியைச் சரிசெய்தோம். பட்டியலிலேயே இல்லாத கைரேகை வருகைக் கருவியிலும், நகல் எடுக்கும் இயந்திரத்திலும் அதே பழைய முகவரி இருப்பதைக் கண்டோம். என் கண்ணை நானே நம்பாமல் எல்லாவற்றையும் இரண்டாம் முறை சுற்றிப் பார்த்தேன்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. வேலை அறிக்கையில் நடந்ததை நடந்தபடி என்னையே எழுதச் சொன்னார். அது திட்டு வாங்குவதைவிடக் கடினமாக இருந்தது.

கானாவில் தப்பிய ஒன்று

இது சின்ன அலுவலகத்துக் கதை. உலகத்தின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றுக்கும் இதே பாடம் கிடைத்தது. டென்மார்க்கின் மெர்ஸ்க் நிறுவனத்தை நாம் அறிவோம். 2000-ஆம் ஆண்டில் தன் சரக்கு மாற்று மையத்தைச் சிங்கப்பூரிலிருந்து ஜொகூரின் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்துக்குக் கொண்டுவந்த நிறுவனம் அது.

2017 ஜூன் 27-ஆம் நாள், 'நாட்பெட்யா' என்ற நாச நிரல் உக்ரைன் நாட்டின் ஒரு கணக்கியல் மென்பொருள் வழியாகப் புகுந்து உலகெங்கும் பரவியது. மெர்ஸ்க்கின் கணினிகள் அடுத்தடுத்து இருண்டன. மும்பைக்கு அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் குழுமம் நடத்தும் முனையமும் பாதிக்கப்பட்டது.

பல செர்வர்களுக்குச் சில நாள் பழைய காப்புப் படிகள் இருந்தன. டொமேன் கண்ட்ரோலர்களுக்கு மட்டும் இல்லை. ஏறக்குறைய 150 கண்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பரிமாறிக்கொண்டிருந்தன. ஒன்று போனால் மற்றொன்று இருக்கிறதே என்ற நம்பிக்கை. எல்லாம் ஒரே நேரத்தில் அழியும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் ஒன்று மட்டும் பிழைத்திருந்தது. தாக்குதலுக்குமுன் அங்கே மின்சாரம் தடைபட்டு, அது வலையமைப்பிலிருந்து அறுந்து நின்றதே காரணம். அங்கிருந்த இணைய வேகம் போதவில்லை. அதனால் அந்தத் தரவை ஆள் கையில் கொடுத்து, நைஜீரியாவில் கைமாற்றி, விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். பத்து நாளில் 4,000 செர்வர்களையும் 45,000 கணினிகளையும் மறுபடி நிறுவியதாக நிறுவனத்தின் தலைவர் பின்னர் கூறினார். இழப்பு 25 கோடி முதல் 30 கோடி அமெரிக்க டாலர் என்று நிறுவனம் மதிப்பிட்டது.

பரிமாற்றம் வேறு, காப்புப் படி வேறு. ஒரு புத்தகத்தில் எழுதிய தவறு பரிமாற்றத்தால் எல்லாப் புத்தகத்துக்கும் போகும். காப்புப் படி தனியாக, வலையமைப்பைத் தொடாமல் இருக்க வேண்டும்.

நாமும் பழகலாம்

எஸ்.பி.எம். முடித்துவிட்டு எந்தத் துறைக்குப் போவது என்று யோசிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு செய்தி. இந்த வேலையைப் பழகச் செர்வர் வாங்க வேண்டியதில்லை. ஓரளவு நினைவகம் உள்ள மடிக்கணினி போதும். விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருளில் இரண்டு மூன்று கற்பனைக் கணினிகளை உருவாக்கலாம். விண்டோஸ் செர்வரின் சோதனைப் பதிப்பை 180 நாள் வரை இலவசமாகப் பயன்படுத்தலாம். 2012 டிசம்பரில் வந்த சம்பா 4 முதல், லினக்ஸ் கணினியைக்கூட டொமேன் கண்ட்ரோலராக வைக்க முடிகிறது. அங்கே தைரியமாக உடையுங்கள், மறுபடி கட்டுங்கள். யாருடைய சம்பளமும் நிற்காது.

எங்கள் பழைய செர்வரை மறு வாரம், 7-ஆம் தேதி கடந்தபின், முறைப்படி பொறுப்பிலிருந்து இறக்கினோம். சும்மா நிறுத்தி மூலையில் போட்டுவிடக் கூடாதா என்று கேட்டேன். கூடாது என்றார் அண்ணன். நீக்கப்பட்ட பெயர்களின் குறிப்பை ஆக்டிவ் டைரக்டரி வழக்கமாக 180 நாள்தான் வைத்திருக்கும். அதற்குமேல் தூங்கிய கண்ட்ரோலரை யாராவது தெரியாமல் எழுப்பினால், அதன் புத்தகத்தில் வேலையை விட்டுப் போனவர்களின் பெயர்கள் இன்னும் இருக்கும். பழைய செக்ரோலைத் திறந்து, ஊரைவிட்டுப் போனவரைப் பெரட்டில் கூப்பிடுவது மாதிரி.

இரண்டாவதாக ஒரு கண்ட்ரோலரும் வைத்தோம். ஒவ்வொரு கண்ட்ரோலருக்கும் மீட்பு நேரத்துக்கென்று தனிக் கடவுச்சொல் உண்டு. பழையதன் கடவுச்சொல் அந்த அலுவலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. புதியவற்றுக்கானதை எழுதி, உறையில் ஒட்டி, மேலாளரின் இரும்புப் பெட்டியில் வைத்தோம்.

என் மாமாவுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. சம்பளம் வந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். நான் அலுவலகத்தைவிட்டு வருமுன் புதிய சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றைத் தட்டச்சுச் செய்து கொடுத்தேன். அதில் முதல் வரி, கணக்குப் பிரிவு அக்காவின் கணினி. பக்கத்தில் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்: 'நேரில் பார்த்தவர் பெயர்.'