ஒரு கேபிளின் இரு முனைகளும் ஒரே சுவிட்சில்

நான் பராமரித்துவந்த அலுவலகமொன்றில் ஒரு நாள் காலை வலையமைப்பு முழுவதும் படுத்துவிட்டது. சுவிட்சின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக, ஓயாமல் மின்னின. இணைய நிறுவனத்தைத் திட்டியே ஒரு மணித்தியாலத்தைத் தொலைத்தேன். கடைசியில் பார்த்தால், கழன்று கிடந்த கேபிள் முனையொன்றை யாரோ சுவரிலிருந்த வெற்றுப் போர்ட்டில் செருகியிருந்தார். மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருந்தது.

இதுதான் லூப். எந்தக் கணினி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதை, 48 பிட் நீளமான மேக் முகவரியை வைத்து சுவிட்ச் ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பிரோட்காஸ்ட், அதாவது எல்லோருக்குமான தகவல் வந்தால், வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அனுப்பும். லூப்பில் அது திரும்பி வரும். சுவிட்ச் மறுபடியும் அனுப்பும். ஐபி பொதியில் டிடிஎல் என்றொரு எண் உண்டு, ஒவ்வொரு ரவுட்டரிலும் குறைந்து பூச்சியமானதும் பொதி கைவிடப்படும். ஈதர்நெட் பிரேமில் அப்படி எதுவும் இல்லை. கேபிளைப் பிடுங்கும்வரை சுற்றும்.

இதைத் தடுக்கத்தான் ராடியா பேர்ள்மன் 1985இல் ஸ்பானிங் ட்ரீயை உருவாக்கினார். சுவிட்சுகள் பிபிடியு என்ற சிறு செய்திகளை அனுப்பி, மேலதிக வழியை அடைத்துவிடும்.

எங்கள் சுவிட்சிலும் அது இருந்தது. கணினியைச் செருகினால் போர்ட் திறக்க 30 செக்கன்கள் எடுக்கிறதே என்று நான்தான் அதை நிறுத்தியிருந்தேன். கணினிப் போர்ட்டுகளை மட்டும் எட்ஜ் போர்ட்டாக்கி, பிபிடியு கார்ட்டையும் போட்டிருந்தால் போதும். காத்திருப்பும் இராது; சுற்றிவந்த பிபிடியுவைக் கண்டதும் சுவிட்ச் அந்தப் போர்ட்டை மூடியிருக்கும். அன்று மாலையே அப்படி மாற்றினேன்.