கணிப்பொறிகளின் பாடு முறை

பழவேற்காடு ஏரியின் முகத்துவாரத்தை அடுத்த நீர்ப்பரப்பில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பது அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்ட காரியமன்று. கடலுக்கும் ஏரிக்கும் இடையே இறால் ஏறியிறங்கும் வழி அதுவே. ஆதலின் அங்கே கழி நட்டு வலை கட்டுபவருக்கு நல்ல வரும்படி உண்டு. எல்லாரும் ஒரே நாளில் அங்கே படகைச் செலுத்தினால் வலையோடு வலை சிக்கும். கையோடு கை கலக்கும். இதனைத் தவிர்க்க மீனவர் கண்ட வழிக்குப் ‘பாடு’ என்று பெயர். உரிமையுள்ள ஊர்களில் தலைக்கட்டு ஒவ்வொருவரும் குழுவில் ஓர் உறுப்பினர். சீட்டுக் குலுக்கி முறை வகுப்பார்கள். முறை வந்தவர் கட்டுவார். அவர் முறை கழிந்ததும் இடம் அடுத்தவருக்குப் போகும். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இதற்கு உறவான ஏற்பாடு ஒன்று உண்டு.

வேலை ஒரு பக்கம், வேலை செய்வோர் ஒரு பக்கம். இரண்டையும் சண்டையின்றிப் பொருத்துவது எவ்வாறு? இந்தக் கேள்வியே இன்று கணிப்பொறி நிலையங்களிலும் எழுந்திருக்கிறது. அங்கே அதற்குக் கண்டிருக்கும் விடையைத்தான் மாணவ நண்பர்களாகிய உங்களுக்கு விளக்க விழைகின்றேன்.

தேர்வு முடிவு வெளியாகும் காலையை நினைத்துப் பாருங்கள். முன்னாள் மாலை வரை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பவர் எவருமில்லை. குறித்த நிமிடத்தில் பல லட்சம் விரல்கள் ஒரே பொத்தானை அழுத்துகின்றன. மறுநாள் மீண்டும் அமைதி. அந்த ஒரு காலைக்காக ஆயிரம் யந்திரங்களை விலைக்கு வாங்கி ஆண்டு முழுதும் பூட்டி வைப்பது அறிவுடைமை ஆகாது. ஆகவே பெருநிறுவனங்கள் யந்திரங்களை வாங்கி நிறுவி, வேண்டுவோருக்கு வேண்டிய நேரத்துக்கு மட்டும் வாடகைக்கு விடுகின்றன. இதற்குத்தான் ‘கிளவுட்’, அதாவது மேகக் கணிமை, என்று பெயரிட்டார்கள். பெயரைக் கேட்டு வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. சென்னையிலேயே மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் இத்தகைய நிலையம் ஒன்றைத் தொடங்கியது. அமேசான் நிறுவனம் 2016ஆம் ஆண்டில் மும்பையில் தொடங்கியது. இவை செங்கல்லும் சிமெண்டும் மின்சாரமும் கொண்ட கட்டடங்களே.

வாடகை யந்திரத்தில் வேலையை எப்படி ஏற்றுவது? இங்கே ‘கன்டெய்னர்’ என்ற சொல் வருகிறது. மீஞ்சூர்ச் சாலையில் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் நீண்ட லாரிகளின் முதுகில் நீங்கள் காணும் இரும்புப் பெட்டிதான் கன்டெய்னர். 1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 பெட்டிகளை ஏற்றிச் சென்ற நாள்முதல், உள்ளே இருப்பது துணியா தேயிலையா என்று பாராமல் பெட்டியை மட்டும் தூக்கி வைக்கும் வழக்கம் உலகெங்கும் பரவிற்று. மென்பொருளிலும் அவ்வாறே. ஒரு நிரலையும் அதற்குத் தேவையான துணைக் கருவிகளையும் சேர்த்துக் கட்டிவிட்டால், எந்த யந்திரத்திலும் அதனை ஏற்றலாம். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த டாக்கர் என்ற மென்பொருள் இம்முறையைப் பரவலாக்கியது. பெட்டிகளைச் சுமந்து நீந்தும் திமிங்கிலமே அதன் சின்னம்.

பெட்டிகள் பெருகிய பின் அவற்றை எந்த யந்திரத்தில் இறக்குவது என்று முடிவு செய்ய ஒரு மேலாளர் வேண்டுமல்லவா? கூகுள் நிறுவனம் 2014ஆம் ஆண்டில் அத்தகைய மேலாள் மென்பொருள் ஒன்றை யாவரும் எடுத்தாளும்படி வெளியிட்டது. அதன் பெயர் குபர்நெட்டிஸ். கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவன் என்று பொருள். படகுத் தொழிலறிந்த நம் ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு இப்பெயர் அந்நியமாக இராது.

இதன் அமைப்பு எளியது. சேர்ந்து பணிபுரியும் யந்திரங்களின் தொகுதிக்குக் ‘கிளஸ்டர்’ என்று பெயர், கொத்து எனலாம். அதில் உள்ள ஒவ்வொரு யந்திரமும் ஒரு ‘நோடு’, அதாவது கணு. உண்மையில் வேலையைச் சுமப்பவை வேலை நோடுகள். எதை எங்கே வைப்பது என்று ஆணையிடுவது கட்டுப்பாட்டுப் பகுதி. பெட்டிகளைத் தனித்தனியே அது கையாள்வதில்லை. ஒன்றோ சிலவோ சேர்ந்த ‘பாட்’ என்ற அலகாகவே கையாள்கிறது. அது நம் பாடு அன்று. பட்டாணி நெற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். நெற்றுக்குள் மணிகள் போலப் பாட்டுக்குள் பெட்டிகள் இருக்கும். ஒரு கொத்தில் 5000 நோடுகள் வரையும், ஒரு நோடில் 110 பாட்கள் வரையும் வைத்து நடத்தலாம் என்பது இம்மென்பொருளை ஆக்கியோர் வகுத்த அளவு.

ஐயாயிரம் யந்திரங்களையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பராமரிக்க எவராலும் இயலாது. அவற்றைக் குழுக்களாகப் பிரித்துக் குழுவையே ஆள வேண்டும். ஒரு குழுவில் உள்ள யந்திரங்கள் யாவும் ஒரே அளவினவாய், ஒரே அமைப்பினவாய் இருத்தல் வேண்டும். நண்டு வலையையும் இறால் வலையையும் ஒரே குவியலில் போட்டு வைக்கும் மீனவர் உண்டோ? கொத்திலும் சாதாரண வேலைக்கு ஒரு குழு, நினைவகம் மிகுதியாகக் கேட்கும் தரவுத்தளத்துக்கு ஒரு குழு, படங்களைப் பகுத்தாயும் விலையுயர்ந்த யந்திரங்களுக்கு ஒரு குழு என வகுப்பார்கள். நிர்வாகி ஒவ்வொரு குழுவுக்கும் எழுதிக் கொடுப்பன மூன்றே எண்கள்: எக்காலத்தும் இருக்க வேண்டிய குறைந்த அளவு, மீறக் கூடாத மேல் அளவு, இப்போது விரும்பும் அளவு. ஒரு யந்திரம் பழுதானால் அதனை உட்கார்ந்து செப்பனிடுவதில்லை. அகற்றிவிட்டு அதே அச்சில் வேறொன்றை எழுப்பிக் கணக்கைச் சரிசெய்கிறார்கள். குழு முறையின் உயிர்நாடி இதுவே என்பது என் கருத்து.

இனி, விலையுயர்ந்த குழுவில் கண்ட வேலையெல்லாம் வந்து குந்திவிடாமல் காப்பது எவ்வாறு? அதற்கு நோடின்மேல் ‘டெயின்ட்’ என்னும் தடைக்குறி இடுவார்கள். அத்தடையைக் கடக்கும் அனுமதிச் சீட்டு எந்தப் பாட்டிடம் உண்டோ அதுவே அங்கே இடம் பெறும். மாணவர் பலர் தடுமாறும் இடம் இது. அனுமதிச் சீட்டு இருப்பதனாலேயே அந்தப் பாட் அங்கேதான் போய்ச் சேரும் என்பதில்லை. பாட்டில் உரிமையுள்ள மீனவர் அன்று வேறிடத்தில் வலை வீசுவதற்குத் தடை ஏதும் இல்லையல்லவா? அங்கேதான் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்த, நோடின்மேல் ஓர் அடையாளச் சீட்டு ஒட்டி, ‘இச்சீட்டுள்ள நோடே எனக்கு வேண்டும்’ என்று பாட்டின் விவரத்திலும் எழுத வேண்டும். தடை ஒன்று, அழைப்பு ஒன்று. இரண்டும் இருந்தால்தான் ஒழுங்கு நிலைக்கும்.

குழுவைப் பெருக்குவதும் சுருக்குவதும் அடுத்த பணி. இதற்கென உள்ள மென்பொருள், இயல்பான அமைப்பில், 10 விநாடிக்கு ஒருமுறை சுற்றிப் பார்க்கிறது. இடம் கிடைக்காமல் காத்திருக்கும் பாட் உண்டா? உண்டெனில் எந்தக் குழுவில் ஒரு யந்திரம் கூட்டினால் அது அமரும் என்று கணக்கிட்டுக் கூட்டுகிறது. ஒரு நோடில் பாதிக்கும் குறைவான இடமே 10 நிமிடம் பயன்பட்டிருந்தால், அதிலுள்ளவற்றை வேறிடம் மாற்றி அந்த நோடை விடுவிக்கிறது. வாடகை மிச்சமாகிறது.

ஆயினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. 2019ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், மான்செஸ்டர் நகரில் இந்தியாவும் நியூசிலாந்தும் ஆடிய உலகக் கோப்பை அரையிறுதி ஆட்டத்தை ஹாட்ஸ்டார் செயலியின் வழியே ஒரே சமயத்தில் 2.53 கோடிப் பேர் பார்த்தனர். தோனி ரன் அவுட் ஆனதும் அந்தக் கூட்டம் சடுதியில் கரைந்தது. கூட்டம் ஏறும்போது புதிய யந்திரம் எழுந்து நிற்க ஒரு நிமிடமாவது ஆகும். அந்த ஒரு நிமிடத்தில் பல லட்சம் பேர் வந்து விடுகிறார்கள். ஆகவே அந்நிறுவனத்தார் யந்திரங்களின் களைப்பைப் பார்த்துக் குழுவைப் பெருக்கவில்லை. பார்ப்போர் எண்ணிக்கையை நோக்கி, வெள்ளம் வருமுன் அணையை உயர்த்துவது போல முன்கூட்டியே பெருக்கினர். கூட்டம் இறங்கும்போதும் அபாயம் இருந்தது. ஆட்டத்தை விட்டு வெளியேறியவர் அனைவரும் பின்பொத்தானை அழுத்தி முகப்புப் பக்கத்துக்கு ஒருசேர வந்தார்கள். காணொளி வழங்கும் பகுதியில் சுமை குறைந்த அதே கணத்தில் முகப்பை வழங்கும் பகுதியில் சுமை கூடிற்று! மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து யந்திரங்களைக் குறைத்திருந்தால் கதை வேறாகியிருக்கும். பின்னர் 2023ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்தில் அந்த உச்சம் 5.9 கோடியைத் தொட்டது.

குழுவில் உள்ள யந்திரங்களின் மென்பொருளைப் புதுப்பிக்கும்போதும் ஓர் ஒழுங்கு வேண்டும். முதலில் புதிய நோடு ஒன்று எழுப்பப்படும். பிறகு பழைய நோடுக்கு வேலி கட்டுவார்கள். புதுப் பாட் எதுவும் அங்கே வராது. அதன்பின் உள்ளிருப்பவற்றை மெல்ல வெளியேற்றுவார்கள். எல்லாம் போன பின்னரே பழைய நோடு அணைக்கப்படும். இதற்கிடையில் ‘என் ஐந்து படிகளில் நான்காவது எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்’ என்று ஒரு சேவை நிபந்தனை விதிக்கலாம். ஐந்து ஆசிரியரில் இருவர் ஒரே நாளில் விடுப்புக் கேட்டால் தலைமையாசிரியர் ஒருவருக்கே ஒப்புவார். நாற்பது ஆண்டு பள்ளிகளில் கழித்த எனக்கு இந்த விதி உடனே விளங்கிற்று. ஆனால் ஐந்தும் எப்போதும் வேண்டும் என்று எழுதிவிட்டால் எந்த நோடையும் காலி செய்ய முடியாமற்போகும். அமேசானின் நோடுக் குழு ஏற்பாட்டில் 15 நிமிடத்துக்குள் பாட்கள் வெளியேறாவிட்டால் புதுப்பிக்கும் பணி தோல்வி என்று நின்றுவிடுகிறது.

மலிவான யந்திரங்களும் உண்டு. நிலையத்தில் விற்பனையாகாமல் மிஞ்சியவற்றைச் சில சமயம் 90 சதவீதம் வரை குறைத்துத் தருவார்கள். வேண்டியபோது 2 நிமிட அறிவிப்பில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். பாதியில் நின்றாலும் மீண்டும் தொடங்கத்தக்க வேலைக்கே இவை ஏற்றவை. ஒரே குழுவை ஒன்றுக்கொன்று தள்ளியுள்ள நிலையங்களில் பரப்பி வைப்பதும் நல்லது; ஒன்றில் மின்சாரம் போனாலும் மற்றவை தாங்கும்.

ஏரியின் பாடும் கணிப்பொறிக் குழுவும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. சீட்டுக் குலுக்குவது நியாயத்துக்காக. நல்ல இடம் எல்லார் கைக்கும் ஒருமுறை வர வேண்டும் என்பதற்காக. குபர்நெட்டிஸ் எந்த நோடுக்கும் நியாயம் பார்ப்பதில்லை; எங்கே வேலை பொருந்தும் என்றே பார்க்கிறது. முறை தவறிய யந்திரம் பட்டினி கிடப்பதுமில்லை. வேலை குறைந்தால் நோடுகளை அணைத்துவிடலாம். முகத்துவாரம் மணலால் தூர்ந்து இறால் வரத்துக் குறைந்த ஆண்டில் தலைக்கட்டு எண்ணிக்கையை எவரும் குறைக்க முடியுமா? அன்றியும் பாடு உரிமை எல்லா ஊருக்கும் இல்லாமையால் ஏரியில் பூசல்கள் எழுந்ததுண்டு. யந்திரக் குழுவில் தடைக்குறியை ஒரு வரியில் எழுதலாம், ஒரு வரியில் அழிக்கலாம். ஏரியில் அதனை எழுதவும் அழிக்கவும் ஊர்க் கூட்டங்கள் வேண்டும். நிர்வாகத்தைப் பற்றிப் படிக்கப்போகும் மாணவர்கள் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் பயன் உண்டு.

இவற்றைச் செய்து பார்க்க மும்பைக்கோ வாடகைக்கோ போக வேண்டியதில்லை. ‘கைண்ட்’ என்ற இலவச மென்பொருள், ஒரே கணிப்பொறிக்குள் தலைமை நோடு ஒன்றையும் வேலை நோடுகள் இரண்டையும் பாவனையாக அமைத்துத் தருகிறது. கல்லூரி ஆய்வுக்கூடத்துக் கணிப்பொறியில் டாக்கர் இருந்தால் போதும். ஒரு சிறு சேவையின் நான்கு படிகளை ஓடவிட்டு, வேலை நோடு ஒன்றை வேண்டுமென்றே நிறுத்துங்கள். தலைமை நோடில் கை வைக்க வேண்டா. கையில் ஒரு கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ முக்கால் நிமிடத்தில் அந்த நோடு தயாரில்லை என்று திரை சொல்லும். அதற்குப் பின்னும் ஒன்றும் நடவாது போலத் தோன்றும், பொறுத்திருங்கள். போனவர் திரும்பி வரலாம் என்று இயல்பான அமைப்பில் 5 நிமிடம் காத்திருப்பது அதன் வழக்கம். அந்த 5 நிமிடம் கழிந்ததும், நின்றுபோன நோடில் இருந்த படிகளுக்கு ஈடாகப் புதியவை மற்ற நோடில் எழுவதைக் காண்பீர்கள்.