இலைக்குள் எழுதும் பூச்சி

எலுமிச்சையை அறியாத தமிழர் இல்லை. விருந்திலும் மருந்திலும் வழிபாட்டிலும் அதற்கு இடம் உண்டு. ஆயிரம் கல்லுக்கு மேல் கடந்து தில்லியில் குடியேறிய பின்னும், ஒரு தொட்டியிலாவது எலுமிச்சைக் கன்று வளர்க்க விரும்புகிறோம். அக்கன்றின் இளந்தளிரைச் சற்றே உற்று நோக்குங்கள். வெள்ளிக் கம்பி வளைந்து வளைந்து ஓடினாற்போல ஒரு கோடு தென்படக்கூடும். நத்தை ஊர்ந்த தடம் என்று சிலர் எண்ணுவர். நோய் என்று கருதிச் சிலர் தளிரையே கிள்ளி எறிவர். விரலால் துடைத்துப் பாருங்கள், கோடு அழியாது. இலையின் தோலுக்கு அடியில் ஒரு சின்னஞ்சிறு புழு வாழ்ந்து சென்ற வழி அது.

நம் உழவர் இப்பூச்சியை இலைத் துளைப்பான் என்பர். அறிவியலார் இட்ட பெயர் பில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா. இது அந்துப்பூச்சி இனத்தைச் சேர்ந்தது.

வாழ்க்கை வரலாறு

தாய்ப்பூச்சி இளந்தளிரில், பெரும்பாலும் நடு நரம்பின் அருகே, முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு வெளிக்காற்றையே காணாமல் நேரே இலைக்குள் புகுந்துவிடும். அதன் தாடைகள் தட்டையானவை. அவற்றால் மேல்தோலின் உயிரணுக்களை அறுத்து, சாற்றை மட்டும் பருகிக்கொண்டே முன்னேறும். சாறு போன இடத்தில் காற்று புகுவதால் தடம் வெள்ளிபோல் மின்னுகிறது. அதன் நடுவே கருமையாக ஓடும் மெல்லிய கோடு புழுவின் எச்சம்.

நான்காம் பருவத்தில் புழு உண்பதை நிறுத்திவிடும். இலையின் ஓரத்தை அடைந்து, நூல் நூற்று, அவ்வோரத்தை மடித்து, அம்மடிப்புக்குள் கூட்டுப்புழுவாகும். பின்னர் வெளிவரும் பூச்சி, சிறகை விரித்தாலும் 4 மில்லிமீட்டர் அளவே இருக்கும். வெண்மையான முன்சிறகின் நுனியில் ஒரு கரும்புள்ளி உண்டு. முட்டை முதல் பூச்சி வரை உள்ள காலம், வெப்பத்தைப் பொறுத்து 13 நாள் முதல் 52 நாள் வரை ஆகலாம்.

வளர்ந்த மரம் இத்தாக்குதலைத் தாங்கிக்கொள்ளும். நாற்றங்காலில் உள்ள கன்றுகளே வாடும். இலை சுருளும், கிழிந்த தோல் வழியே சொறிநோய்க் கிருமியும் எளிதில் புகும்.

அடையாளம் காணும் முறை

பூச்சியைப் பார்க்காமலே பெயரைக் கூறமுடியுமா? ஓரளவு முடியும். எந்த மரம் என்பதே முதற் சான்று. இலைக்குள் வாழும் புழுக்கள் பெரும்பாலும் ஒரு மரத்தையோ அதன் உறவுகளையோ விட்டு அகலுவதில்லை. எலுமிச்சைப் பூச்சி நாரத்தைக்கும் செல்லும். அதே குடும்பத்தைச் சேர்ந்த வில்வத்திலும் காணப்படும். புங்க மரத்தைப் பொதுவாக நாடாது. தில்லித் தெருக்களில் நிற்கும் புங்க மரங்களின் இலைகளில் வெள்ளைத் திட்டுகள் தோன்றுகின்றனவே, அவை வேறு பூச்சிகளின் வேலை.

இரண்டாவது சான்று தடத்தின் வடிவம்: பாம்புபோல் வளைந்ததா, கொப்புளம்போல் பரந்ததா? மூன்றாவது எச்சம். எலுமிச்சை இலையில் அது நடுவே ஒரே கோடாகச் செல்லும். தக்காளி, அவரை இலைகளைத் துளைக்கும் ஈப்புழுக்களின் தடத்திலோ, அது பெரும்பாலும் இரு ஓரங்களிலும் மாறி மாறிக் கிடக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி ஒன்று இருந்தால் இவை அனைத்தையும் நாமே காணலாம்.

ஆயினும் ஐயமற நிறுவப் பூச்சியை வளர்த்தெடுக்க வேண்டும். சென்ற மழைக்காலத்தில், விடுதித் தோட்டத்து எலுமிச்சையில் ஓரம் மடிந்த இலைகள் ஆறினைப் பறித்தேன். ஈரப் பஞ்சுடன் தனித்தனிக் கண்ணாடிக் குப்பிகளில் இட்டு, மெல்லிய துணியால் வாய் கட்டினேன். நான்கில் அந்து வந்தது. ஒன்று காய்ந்து போயிற்று. மற்றொன்றில் வந்ததோ ஒரு நுண்குளவி! புழுவை உண்டு வளர்ந்த ஒட்டுண்ணி அது. அந்த இலையில் எலுமிச்சையின் பகையும் இருந்தது, பகைக்குப் பகையும் இருந்தது.

பதிவின் பயன்

இத்தனை சிறிய உயிரைக் குறித்து வைப்பதால் என்ன பயன் என்று நண்பர்கள் கேட்கின்றனர். வரலாறு விடை கூறும். கல்கத்தாவில் கிடைத்த பூச்சிகளைக் கொண்டு, 1856-ல் ஆங்கிலேய அறிஞர் ஸ்டெயின்டன் இதனை விவரித்துப் பெயரிட்டார். அன்று அதனைப் பெரிதாக மதித்தவர் சிலரே. 1993-ல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துத் தோட்டங்களில் இப்பூச்சி திடீரெனத் தோன்றியது. அதே ஆண்டில் ஸ்பெயினிலும் காணப்பட்டது. அங்கே தவித்த உழவர்க்கு உதவியது எது? இது ஆசியப் பூச்சி, இன்ன மரங்களை உண்ணும், இன்ன குளவிகள் இதனை அழிக்கும் என்று இப்பகுதியில் பலர் எழுதி வைத்த குறிப்புகளே. தாய்லாந்தில் வாழும் நுண்குளவி ஒன்று ஆஸ்திரேலியா வழியாக 1994-ல் புளோரிடாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டது.

நமக்கும் இந்நிலை வந்ததுண்டு. தென் அமெரிக்காவைச் சேர்ந்த தக்காளி இலைத் துளைப்பான் 2014-ல் இந்தியாவில் கண்டறியப்பட்டது. புதியது வந்தது என்று உணர வேண்டுமானால், பழையது எது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும் அன்றோ? நம் நாட்டில் அதற்கு அடித்தளம் இட்டோர் உண்டு. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பிளெட்சர், தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூலை 1914-ல் வெளியிட்டார். டி. வி. ராமகிருஷ்ண ஐயரின் கையேடு 1940-ல் வந்தது. பீகாரின் பூசாவில் 1905-ல் நிறுவப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிலையம், 1934-ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தால் சிதைந்து, 1936-ல் தில்லிக்கு மாறியது. அதன் பூச்சித் தொகுப்பு இன்று நம் நகரத்திலேயே இருக்கிறது.

நாம் செய்யத் தக்கது

ஒரு குறிப்பேடு போதும். மரத்தின் பெயர், இடம், நாள், தடத்தின் வடிவம், இலையின் எப்பக்கம், வளர்த்தபோது வெளிவந்தது எது என்ற ஆறு செய்திகளை எழுதுங்கள். நிழற்படம் எடுங்கள், இலையைத் தாள்களுக்கு இடையே அழுத்திக் காயவைத்துப் பெயர்ச்சீட்டு ஒட்டுங்கள். பூச்சியின் பெயர் தெரியவில்லை என்று தயங்க வேண்டா. மரமும் இடமும் நாளும் உள்ள இலைக்குப் பிற்காலத்தில் எவரேனும் பெயர் கண்டுவிடலாம். அவை இல்லாத பெயரை எவராலும் சரிபார்க்க இயலாது.

மரப்பெயரைத் தமிழிலும் எழுதுங்கள். நிலக்கடலை இலையைத் துளைத்துப் பின் சுருட்டும் பூச்சிக்குச் சுருள்பூச்சி என்று பெயரிட்டவர் நம் உழவர். கண்டதைக் கூர்ந்து நோக்கி, பொருந்தச் சொல்லும் ஆற்றல் அவர்களிடம் இருந்தது. குறித்து வைக்கும் வாய்ப்புத்தான் இல்லை. அவர்களுடைய பிள்ளைகளாகிய நமக்கு எழுத்தும் உண்டு, கைக்கண்ணாடியும் உண்டு. மழை தொடங்கியதும் எலுமிச்சை மீண்டும் தளிர்க்கும். முதல் தளிரிலிருந்தே குறிப்பைத் தொடங்குவோம்.