களஞ்சியத்தில் எதைச் சேர்ப்பது?

நம் தருமபுரிப் பகுதியில் கேழ்வரகு அறுவடை முடிந்ததும் வீட்டிலுள்ள பெரியோர் தானியத்தை உலர்த்தித் தூற்றிக் குதிரில் கொட்டி வைப்பது வழக்கம். கேழ்வரகைப் பூச்சி எளிதில் அரிக்காது. ஆண்டுக் கணக்கில் கெடாமல் இருக்கும். ஆனால் குதிருக்கு ஓர் அளவு உண்டு. ஆகவே எதை உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது என்று எண்ணிப் பார்த்தே வைப்பார்கள். தானியம் சேர்த்து வைக்கும் இடத்தைக் களஞ்சியம் என்கிறோம். பல துறை அறிவையும் ஒருங்கே சேர்த்து வைக்கும் நூலுக்கு நம் அறிஞர்கள் கலைக்களஞ்சியம் என்று பெயரிட்டனர். அங்கும் இதே கேள்விதான் எழுகிறது. எதைச் சேர்ப்பது? எதை விடுவது?

இக்கேள்வியின் கடுமையை ஒன்பதாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இவ்வாண்டு நூலக வகுப்பில்தான் உணர்ந்தோம். நூலகப் பொறுப்பிலுள்ள அருட்சகோதரி எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். "நம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். அவள் வீட்டில் வேறு நூல் எதுவும் இல்லை. அவளுக்காக 100 தலைப்புகள் மட்டும் கொண்ட ஒரு கலைக்களஞ்சியம் செய்ய வேண்டும். அந்த 100 தலைப்புகள் எவை?" இதுவே அப்பயிற்சி.

எளிதென்று எண்ணி ஒரே பாடவேளையில் எழுதி முடித்தோம். மகிழ்ச்சியுடன் கரும்பலகையில் எழுதியபோதுதான் குறைகள் தெரிந்தன. 100-இல் 43 தலைப்புகள் மனிதர்களின் பெயர்கள். அவர்களுள் பெண்கள் ஐவரே. திரைப்பட நடிகர் மூவரும் கிரிக்கெட் வீரர் நால்வரும் இடம் பெற்றிருந்தனர். இமயமலை இருந்தது, மண் இல்லை. தங்கம் இருந்தது; இரும்பு இல்லை. நீர் என்ற தலைப்பே இல்லை!

"இதற்காக வெட்கப்பட வேண்டாம். பெரிய அறிஞர்களும் இவ்விடத்தில் தடுமாறியிருக்கிறார்கள்" என்று சகோதரி தேற்றினார்கள். அவர்கள் சொல்லியவற்றையும் நாங்கள் படித்து அறிந்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பொருள்களை வகைப்படுத்திக் கூறும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. சேந்தன் திவாகரம் என்னும் பழைய நிகண்டு சொற்களை 12 தொகுதிகளாகப் பிரிக்கிறது. முதலில் தெய்வப் பெயர்கள், அடுத்து மக்கட் பெயர்கள், பின்னர் விலங்கு, மரம், இடம் என்று அது விரிந்து செல்கிறது. உலகில் அறிய வேண்டியவை எவை, அவற்றின் வரிசை யாது என்று அந்த ஆசிரியர் ஒரு முடிவு செய்திருக்கிறார் அன்றோ? 1732-ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி சொற்களை அகர வரிசையில் அமைத்தது. தேடுவோருக்கு அது பெரும் எளிமையைத் தந்தது.

ஆங்கில மொழியின் புகழ் பெற்ற பிரிட்டானிக்காக் கலைக்களஞ்சியம் 1768-இல் எடின்பரோ நகரில் வெளிவரத் தொடங்கி, 1771-இல் மூன்று தொகுதிகளாக முற்றுப் பெற்றது. அம்முதற் பதிப்பில் குதிரைகளின் நோய்களுக்குப் பக்கம் பக்கமாக இடம் கிடைத்தது. பெண் என்ற தலைப்புக்கோ கிடைத்தது ஒரே வரி. அதுவும் மனிதனைப் பற்றிய தலைப்பைப் பார்க்கும்படி சுட்டிவிட்டு முடிந்தது. இதைக் கேட்டு வகுப்பே சிரித்தது. பிறகு எங்கள் பட்டியலில் பெண்கள் ஐவர் மட்டும் இருந்தது நினைவுக்கு வரவே, சிரிப்பு அடங்கியது. ஒரு களஞ்சியத்தில் விடுபட்டவற்றைப் பார்த்தால், அதைத் தொகுத்தவர் எதைப் பெரிதென்று எண்ணினார், எதைச் சிறிதென்று எண்ணினார் என்பது புலனாகும்.

அதற்கு 600 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கன்னியர் மடத்தின் தலைவி கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொகுத்தார் என்பது நம் பள்ளிக்கு இனிய செய்தியாகும். அல்சாஸ் நாட்டு ஹோகன்பர்க் மடத்தின் தலைவியான ஹெராட் அம்மையார், தம் மடத்துக் கன்னியர் கற்பதற்காக 12-ஆம் நூற்றாண்டில் 'இன்பத் தோட்டம்' என்று பொருள்படும் பெயரில் பெரியதொரு நூலை உருவாக்கினார். மறைநூல் வரலாற்றோடு வானியலும் தத்துவமும் இசையும் அதில் இருந்தன. அழகிய வண்ணப் படங்களும் இருந்தன. தேனீ பல மலர்களில் தேன் சேர்ப்பது போலப் பல நூல்களிலிருந்து தாம் திரட்டியதாக அவர் கூறியுள்ளார். 1870-இல் ஸ்திராஸ்பூர்க் நகரம் முற்றுகையிடப்பட்டபோது அந்த மூலச்சுவடி தீக்கிரையாயிற்று. முன்னரே பிறர் எடுத்து வைத்த படிகளாலேயே இன்று அதைப் பற்றி நாம் அறிகிறோம். தம் வாசகர் யார், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அறிந்து அந்த அம்மையார் தொகுத்தார் என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். சென்னைப் பள்ளியொன்றில் தமிழாசிரியராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார், தனி ஒருவராக உழைத்துத் திரட்டிய அபிதான சிந்தாமணி 1910-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழி வெளிவந்தது. புராணம், இலக்கியம், மன்னர், புலவர் பற்றிய செய்திகள் அதில் நிரம்ப உண்டு. ஆயினும் மின்சாரத்தைப் பற்றியும் நுண்ணுயிர்களைப் பற்றியும் விரிவாக அறிய விரும்பும் மாணவருக்கு வேறொரு நூல் தேவைப்பட்டது.

அத்தேவையை நிறைவேற்ற முன்வந்தது தமிழ் வளர்ச்சிக் கழகம். அப்போது சென்னை மாகாணக் கல்வியமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் அவர்களின் முயற்சியால் 1946-இல் அது தோன்றியது. கொங்கு நாட்டுக் கவிஞரும் இசைப்பாடல் ஆசிரியருமான பெ. தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக அமர்ந்தார். கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954-இலும் ஒன்பதாம் தொகுதி 1963-இலும் வெளிவந்தன. 1968-இல் பத்தாம் தொகுதி இணைப்பாக வந்தது. அதன் பின்னும் ஓயாமல், 1968 முதல் 1976 வரை குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் பத்துத் தொகுதிகளில் அக்கழகம் வெளியிட்டது.

இத்தகைய பணியில் தலைப்புத் தேர்வு ஏன் அவ்வளவு முக்கியம்? அகர வரிசையில் அச்சாகும் நூலில் முதல் தொகுதி வெளிவந்துவிட்டால், அதன்பின் அகரத்தில் புதிய தலைப்பு எதையும் நுழைக்க முடியாது. எனவே எல்லாத் துறைகளுக்கும் உரிய தலைப்புகளை முன்னதாகவே திட்டமிட வேண்டும். உலகமோ காத்திருப்பதில்லை. முதல் தொகுதி வந்தபோது விண்ணில் செயற்கைக் கோள் ஒன்றுகூட இல்லை. 1957-இல் முதற்கோள் ஏவப்பட்டது. 1961-இல் மனிதனே விண்வெளிக்குச் சென்று வந்துவிட்டான். இணைப்புத் தொகுதி ஏன் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இன்று இணையத்தில் விக்கிப்பீடியா இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. அங்குத் தாளுக்கும் மைக்கும் பஞ்சமில்லை. எத்தனை கட்டுரைகள் வேண்டுமானாலும் எழுதலாம். ஆயினும் எல்லா மொழி விக்கிப்பீடியாக்களிலும் அவசியம் இருக்க வேண்டியவை என்று ஏறத்தாழ 1000 தலைப்புகள் கொண்ட பட்டியல் ஒன்றை அவர்களும் வைத்திருக்கிறார்கள். இடம் எல்லையற்றதாயினும் எழுதுவோரின் நேரமும் உழைப்பும் எல்லைக்குட்பட்டவை. எதை முதலில் எழுதுவது என்ற கேள்வி அங்கும் தீரவில்லை.

சரி, தேர்ந்தெடுப்பது எப்படி? நாங்கள் அறிந்துகொண்ட விதிகள் நான்கு.

முதலாவது, துறைகளுக்கு முன்னதாகவே பங்கு பிரிக்க வேண்டும். வரலாறு, நிலவியல், அறிவியல், உடல்நலம், கலை, சமயம், தொழில் என ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று வரையறுத்தால், நடிகர்களும் வீரர்களும் பிறர் இடத்தைப் பிடித்துக் கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது, வேரை முதலில் வைத்துக் கிளையைப் பின்னர் வைக்க வேண்டும். ஒரு தலைப்பை நீக்கினால் வேறு எத்தனை தலைப்புகள் விளங்காமற் போகும் என்று கேட்டுப் பார்க்கலாம். நீரை நீக்கினால் மழை, ஆறு, பயிர், உடல் எதுவுமே விளங்காது. ஒரு வீரரை நீக்கினால் அப்படி எதுவும் நேராது.

மூன்றாவது, இன்றைய புகழை அளவுகோலாகக் கொள்ளலாகாது. ஐம்பது ஆண்டுகள் கழித்தும் ஒருவர் இதைத் தேடுவாரா என்று கேட்க வேண்டும்.

நான்காவது, தனித் தலைப்புப் பெறாதவற்றுக்கு 'காண்க' என்னும் வழிகாட்டி வைக்க வேண்டும். 'தகடூர்' என்று தேடுபவரை 'காண்க: தருமபுரி' என்று அனுப்பிவிட்டால் ஒரே கட்டுரை இரு பெயர்களுக்கும் போதும்.

இவ்விதிகளைக் கொண்டு பட்டியலைத் திருத்தினோம். மனிதர் பெயர்கள் 43-லிருந்து 14 ஆயின. அவர்களுள் எழுவர் பெண்கள். நீர், மண், இரும்பு, எலும்பு, பல், தடுப்பூசி, கேழ்வரகு ஆகியவை உள்ளே வந்தன. இவ்வளவில் மனநிறைவு கொண்டிருந்த வேளையில்தான் ஒரு தோழி எழுந்து, "ஃபுளோரின் வேண்டாமா?" என்று கேட்டாள்.

அவள் ஏன் கேட்டாள் என்பது எங்கள் அனைவருக்கும் தெரியும். அவள் வாயைப் பொத்திக் கொண்டே சிரிப்பவள். எங்களுள் அப்படிச் சிரிப்பவர் இன்னும் சிலர் உண்டு. நம் மாவட்டத்தின் பல ஊர்களில் பாறைகளிலுள்ள ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தல் ஆகாது என்பது உலக நல நிறுவனத்தின் வரையறை. அதற்கு மிகுந்த நீரைப் பல் உருவாகும் இளவயதில் தொடர்ந்து பருகினால் பற்களில் பழுப்புக் கறை படியும். நெடுங்காலம் பருகினால் எலும்பும் மூட்டும் கெடும். நீரைக் கொதிக்க வைப்பதால் ஃபுளோரைடு நீங்காது. இக்குறையைப் போக்கவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது.

"பல் துலக்காததால் வந்த கறை என்று ஊரில் சிலர் ஏசினார்கள். தண்ணீரால் வந்தது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை" என்றாள் அவள். வகுப்பு அமைதியாயிற்று.

ஆனாலும் விவாதம் நடந்தது. உலகப் பொதுவான 100 தலைப்புகளில் ஃபுளோரினுக்குத் தனியிடம் தந்தால் ஆக்சிஜனும் கார்பனும் என்ன ஆவது என்று ஒரு குழுவினர் கேட்டனர். அதுவும் நியாயமே. எது அருகில் இருக்கிறதோ அதுவே பெரிது என்று கொண்டால் களஞ்சியம் ஊர்க் குறிப்பேடாகிவிடும். எது எங்கும் பொதுவோ அதுவே போதும் என்று கொண்டால் நம் சிறுமிக்கு அது பயன்படாமற் போகும். இறுதியில் நான்காம் விதி கைகொடுத்தது. 'நீர்' என்னும் கட்டுரையிலும் 'பல்' என்னும் கட்டுரையிலும் ஃபுளோரைடு பற்றிய பத்தியைச் சேர்ப்பது, அகர வரிசையில் 'ஃபுளோரின் காண்க: நீர், பல்' என்று குறிப்பது என முடிவாயிற்று. 'நீர்' கட்டுரையை அத்தோழியே எழுதினாள். அது இப்போது எங்கள் வகுப்பு நூலக அடுக்கில், மற்ற 99 பக்கங்களோடு தைக்கப்பட்டு இருக்கிறது. விரும்புவோர் எடுத்துப் படிக்கலாம்.

இவ்வூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கு அரிய நெல்லிக்கனி ஒன்று கிடைத்த கதையை நாம் அறிவோம். கனி ஒன்றே, யாருக்குத் தருவது என்பது அவன் முன் நின்ற கேள்வி. தானே உண்ணாமல் ஔவையாருக்கு அதை அளித்தான். கலைக்களஞ்சியத்தின் ஒவ்வொரு பக்கமும் அத்தகைய கனியே. யாருக்கு மிகுந்த பயன் தருமோ அவரை நினைத்து அதை அளிக்க வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் குழந்தைக்கு 100 செய்திகள் மட்டும் சொல்லலாம் என்றால் எவற்றைச் சொல்வீர்கள்? ஒரு மாலைப் பொழுதில் அனைவரும் அமர்ந்து எழுதிப் பாருங்கள். எங்கள் பட்டியலில் விடுபட்டது எது என்று எங்களுக்கும் தெரிவியுங்கள். எங்கள் களஞ்சியத்திற்கும் ஓர் இணைப்புத் தொகுதி உண்டு; அதில் சேர்த்துக் கொள்வோம்.