ஒழுகும் கண்ணாடி

யாழ்ப்பாணத்துத் தெருக்களில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40உம் ஓடக் காண்பது வெளியூரார்க்கு வியப்பு. நமக்கோ பழகிய காட்சி. 1990இல் எரிபொருளுக்குத் தடை வந்தபின், சில துளி பெற்றோலால் உயிர்பெற்று, மண்ணெண்ணெயால் ஓடி, நோயாளரையும் மணமக்களையும் சுமந்தவை இவ்வண்டிகளே. இவற்றைப் பேணுவோர் இயந்திரத்தின் வலிமையைப் பற்றியே பேசுவர். ஆனால், பழைய வண்டியின் ஆயுளைக் குடிப்பது பெரும்பாலும் இயந்திரக் கோளாறன்று. கண்ணாடியின் ஓரத்தால் ஓசையின்றி உட்புகும் மழைநீரே.

என் தந்தையார் விட்டுச்சென்ற வண்டி மொறிஸ் மைனர் 1000. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த மைனர் வண்டி 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. முதலில் அதன் முன்கண்ணாடி இரு துண்டாக இருந்தது. 1956இல் வளைந்த ஒரே கண்ணாடியாயிற்று. இவ்வண்டிக்குத் தனியான அடிச்சட்டகம் கிடையாது. தரைத்தகடும் பக்கத் தகடுகளும் சேர்ந்தே அதன் முதுகெலும்பாகின்றன. ஆதலின் தரையைக் கறள் தின்னுமாயின் வண்டியின் அழகு மட்டுமன்று, அதில் ஏறுவோரின் பாதுகாப்பும் கெடும்.

ஒரு கார்த்திகை மழையில் தரைவிரிப்பைத் தூக்கியபோது அதன் கீழே நீர் தேங்கி நின்றது. விரலால் அழுத்தினால் தகடு ஓரிடத்தில் நெளிந்தது. உறவினர் விற்றுவிடச் சொன்னார்கள். எண்பது வயதைக் கடந்த என் அன்னையாரோ அவ்வண்டியிலன்றி வேறெதிலும் வைத்தியசாலைக்குச் செல்ல இசையார். முன்னர் ஒரு திருத்துநர் கண்ணாடியைச் சுற்றி ஏதோ பசையை அப்பிப் பணம் பெற்றுச் சென்றிருந்தார், ஒழுக்கு நிற்கவில்லை.

பின்னர் வந்தவர் ஒரு முதிய மெக்கானிக். அவர் கருவி எதனையும் எடுக்கவில்லை. "மாஸ்ரர், தண்ணி விழுற இடம் வேற, வாற இடம் வேற. முதல் வழியைக் கண்டுபிடிப்பம்" என்றார். உட்புறம் முழுதும் துடைத்துலர்த்தி, கண்ணாடியின் கீழோரத்தில் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவினார். என்னை ரோச் விளக்குடன் உள்ளே இருத்தி, வெளியே நின்று மெல்லிய நீரோட்டத்தை முதலில் கீழ்மூலையிலும், பின்னர் சிறிது சிறிதாக மேலேயும் விட்டார். மேலிருந்து தொடங்கினால் வழிந்து வரும் நீர் எல்லா இடத்தையும் நனைத்து உண்மையை மறைத்துவிடும். இடப்பக்கக் கீழ்மூலைக்கு மேல் நான்கு விரற்கடையளவில் பவுடரில் ஒரு கோடு விழுந்தது. நீர் அங்கே நுழைந்து, தகட்டின் உட்புறமாக ஓடி, இரண்டடிக்கு அப்பால் தரையில் சொட்டியது.

குற்றவாளி இறப்பர் வளையம். இறப்பருக்கும் நமது நாட்டுக்கும் உறவு பழையது. பிரேசிலிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோன விதைகளின் நாற்றுகள் 1876இல் இலங்கைக்கு வந்தன. கந்தகத்துடன் காய்ச்சி உறுதியாக்கப்படினும், வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் காலப்போக்கில் இறப்பரை வெடிக்கச் செய்யும். நெகிழ்ச்சி போனபின் அது கண்ணாடியையும் தகட்டையும் பற்றிக் கொள்ளாது. அதன்மேல் எத்துணைப் பசை அப்பினும் பயனில்லை. புளித்த காடி மணம் வீசும் சிலிக்கன் பசையோ தகட்டில் கறளை வளர்த்தும் விடும்.

பழைய வளையத்தை வெட்டி நீக்கிக் கண்ணாடியை இருவர் ஏந்தி எடுத்தோம். அதன் விளிம்பில் அடிபட்டால் முழுவதும் நொறுங்கிவிடும். வெளிப்பட்ட தகட்டு விளிம்பைச் சுரண்டி, கறள்தடுப்பு மையைப் பூசி, நன்கு உலர விட்டோம். புதிய வளையத்தைக் கண்ணாடிக்கு அணிவித்து, அதன் உட்பள்ளத்தில் வழுவழுப்பான கயிற்றைச் சுற்றிப் பதித்து, இரு நுனிகளையும் கீழ்நடுவில் ஒன்றன்மேலொன்றாக உள்ளே தொங்கவிட்டார். சவர்க்கார நீர் பூசி, நான் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, அவர் உள்ளிருந்து கயிற்றை இழுத்தார். கயிறு வர வர இறப்பரின் உதடு தகட்டின்மேல் ஏறி அமர்ந்தது. இறுதியில், முற்றாக இறுகிவிடாத பசையை இறப்பரின் இடுக்குகளில் மட்டும் செலுத்தினார்.

கதவுகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. பக்கக் கண்ணாடி வழியே சிறிது நீர் கதவினுள் இறங்குவது இயல்பு; அது வெளியேறவே கதவின் அடியில் துளைகள் உள்ளன. புழுதி அடைத்திருந்த அத்துளைகளைக் கம்பியால் திறந்தபோது கலங்கல் நீர் வடிந்தது. நீர் வராமற் காப்பது ஒரு பணி. வந்த நீர் போக வழிவிடுவது மற்றொரு பணி என்பதை அப்போது கண்டேன்.

தரையின் இற்ற பகுதியை வெட்டிப் புதுத்தகடு வெல்டிங் செய்ய இரு நாட்கள் சென்றன. அடுத்த பெருமழையில் இரவு முழுவதும் வண்டியை முற்றத்திலேயே நிறுத்தினோம். விடியலில் விரிப்பின் கீழ் வைத்த செய்தித்தாளை எடுத்துப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. அன்று எட்டு மணிக்கு அன்னையார் முன்னிருக்கையில் அமர்ந்து வைத்தியசாலைக்குப் புறப்பட்டார். பழைய வண்டியுடையோர் மாரி தொடங்குமுன் ஒருமுறையேனும் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தல் நன்று.