மே மாதக் கடலும் சிறு குழந்தைகளும்

கோடை விடுமுறை நெருங்கினால் மேற்கு மாம்பலத்துப் பெற்றோர் எங்களிடம் கேட்பது இதுவே: "பிள்ளைகள் மூவரோடு இலங்கைக் கடற்கரைக்குச் செல்கிறோம், என்னென்ன மருந்து எடுத்துச் செல்ல வேண்டும்?" ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும், எடைக்கேற்ற அளவு குறித்த பாராசிட்டமால் சிரப்பும், வழக்கமான மருந்துகளும் பெரும்பாலும் போதும். நாங்கள் திருப்பிக் கேட்பது, எந்தக் கரைக்கு என்பதையே.

மே தொடங்கிச் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றினால் பெந்தோட்டை, ஹிக்கடுவை முதலிய தென்மேற்குக் கரைகளில் கடல் பொதுவாகக் கொந்தளிப்பாக இருக்கும். அம்மாதங்களில் கிழக்குக் கரையின் நிலாவெளியும் பாசிக்குடாவும் அமைதியானவை. பாசிக்குடாவில் ஆழமற்ற நீர் நெடுந்தூரம் பரந்துள்ளது. நம் பள்ளி விடுமுறையோ மே மாதத்தில்!

எனினும் ஆழமின்மையை நம்பிவிடலாகாது. மெரினாவில் கால் நனைத்துத் திரும்பியே பழகிய பிள்ளைகள் இவர்கள். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை; மூச்சுக்கே போராடும் வாய்க்குக் குரல் எழுப்ப இயலாது. கரையில் பெரியவர்கள் அறுவர் இருந்தும், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் எண்ணிவிடுவதுண்டு. எங்கள் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல.

ஆகவே முறை வைத்துக்கொள்ளுங்கள். கால் மணிக்கு ஒருவர், கைபேசியின்றி, கையெட்டும் தொலைவில் நிற்கட்டும். ஐந்து வயதுக்குட்பட்டோர் இருவர் நீரில் இறங்கினால் பெரியவரும் இருவர் இறங்க வேண்டும். காற்றடைத்த மிதவையை நம்ப வேண்டா. கரைக்காற்று அதைக் குழந்தையோடு கடலுக்குள் கொண்டுசெல்லும். விடுதியின் நீச்சல் குளத்துக்கும் இதே ஏற்பாடுதான். தாத்தாவிடம் முறையை ஒப்படைக்குமுன், அவருக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.