ஜாதகக் கட்டம் சித்திரமானது!

வண்டலூரில் இருந்து கேளம்பாக்கம் வழியாகக் கிழக்கே போனால் கோவளம் வரும். அங்கே கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பி, முட்டுக்காட்டைத் தாண்டினால் ஈஞ்சம்பாக்கம். அங்கேதான் இருக்கிறது சோழமண்டலம் ஓவியர் கிராமம்.

அதை உண்டாக்கியவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911-ல் கோவையில் பிறந்தவர். இளமையில் தந்தி இலாகாவில் வேலை பார்த்தார். பிறகு சென்னை அரசு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1957-ல் அதே பள்ளிக்குத் தலைவர் ஆனார்!

யாருடைய சித்திரம்?

1954-ல் அவர் ஐரோப்பாவுக்குப் போய்த் தம் படங்களைக் காட்சிக்கு வைத்தார். மேல்நாட்டு முறை அவருக்கு அத்துப்படி. ஆனால் ஒரு கேள்வி அவரை விடவில்லை. "நாம் வரையும் படத்தில் நம்முடையது எது?" என்பதே அது.

விடை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. ஒரு மாணவனின் நோட்டுப் புத்தகம். அதில் எண்கள், எழுத்துகள், கணக்குக் குறிகள். அந்தப் பக்கமே ஒரு சித்திரம் போல அவருக்குத் தோன்றியது. 1963-ல் "சொற்களும் சின்னங்களும்" என்ற வரிசைப் படங்களைத் தொடங்கினார். ஜாதகக் கட்டம், மலையாள எழுத்துப் போன்ற வரிகள், மீன், பறவை எல்லாம் அதில் வந்தன. வீட்டுப் பெட்டியில் கிடக்கும் ஜாதகம் திரைச் சீலைக்கு வந்துவிட்டது!

அந்த எழுத்தைப் படிக்க முடியாது. ஜோசியரிடம் கொண்டு போனாலும் பலன் சொல்ல மாட்டார். அது பார்ப்பதற்காக எழுதிய எழுத்து.

வயிற்றுப் பாடு

படம் வரைந்தால் போதுமா? சாப்பாட்டுக்கு? அந்த நாளில் இப்படிப்பட்ட படங்களை வாங்குவோர் குறைவு. பள்ளியை விட்டு வெளியே வந்த இளைஞர்கள் வேறு வேலைக்குப் போனால், தூரிகை மூலைக்குப் போய்விடும்.

பணிக்கரும் மாணவர்களும் ஒரு வழி கண்டார்கள். துணியில் மெழுகால் வரைந்து சாயம் தோய்க்கும் "பத்திக்" வேலை செய்து விற்றார்கள். சேர்ந்த பணத்தில் கடற்கரை ஓரம் நிலம் வாங்கினார்கள். 1966-ல் கிராமம் பிறந்தது. கைத்தொழில் சோறு போட்டது, சித்திரம் தப்பித்தது.

கோயில் கவசம்

அங்கே வாழ்ந்த சிற்பி பி. வி. ஜானகிராம் உலோகத் தகட்டை அடித்து உருவங்கள் செய்தார். கோயிலில் சுவாமிக்குச் சாத்தும் கவசத்தைப் பார்த்திருப்பீர்களே, அந்த வேலைதான் அவருக்கு வழிகாட்டி.

பணிக்கர் 1977-ல் காலமானார். அவர் மகன் நந்தகோபால், செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து, 2017-ல் மறையும் வரை சிற்பம் செய்து வந்தார்.